விளையாட்டு அணியைப் படம் பிடித்தல்: பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில பாடங்கள்

எமது கல்லூரியின் படப்பிடிப்புக் கழகத்துக்கு நான் பொறுப்பாசிரியையாக வந்து ஒன்பது வருடங்களாகின்றன. நான் கற்பிப்பது விஞ்ஞானம். கமரா எனக்கு வாப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து, வலய மட்டத்துக்கு அணிகள் தெரிவாகத் தொடங்கியதும் கழகத்துப் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பெற்றோர் வருடா வருடம் ஒரே முறைப்பாடுகளைக் கொண்டு வருகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வலைப்பந்தாட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எமது பிள்ளைகள் அதிகம் விளையாடுவதும் நான் அதிகம் படம் எடுத்ததும் அதைத்தான். 2018இல் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற பிறகு தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொப்பியின் உள்மட்டையில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஒரு நல்ல விளையாட்டுப் படம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அந்தக் கொப்பிகளில்தான் கண்டேன்.

விளையாட்டைத் தெரிந்துகொள்ளல்

கழகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் கேட்பது, "டீச்சர், எந்தக் கமரா வாங்கணும்?" என்பதுதான். நான் முதலில் கொடுப்பது விளையாட்டின் விதிகள் அச்சிட்ட ஒரு தாள். அதை வாசித்துவிட்டு வா, பிறகு கமராவைப் பற்றிப் பேசலாம் என்பேன்.

ஓர் அணியில் களத்தில் ஏழு பேர். ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். பந்தைப் பிடித்தவள் மூன்று செக்கனுக்குள் அதைக் கைவிட வேண்டும். கோல் போடக்கூடியவர்கள் ஜீ.எஸ்., ஜீ.ஏ. ஆகிய இருவர் மட்டுமே, அதுவும் 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டத்துக்குள் நின்றுதான். தடுப்பவள் பந்து வைத்திருப்பவளிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்.

இந்த எண்கள் நடுவருக்கு மட்டும் வேண்டியவை என்று நினைக்காதீர்கள். பந்து பிடிபட்டதும் மூன்று செக்கனுக்குள் அது அடுத்த கைக்குப் போகும் என்று தெரிந்தால், பந்தைப் பார்ப்பதை விட்டு அடுத்த கையைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். பந்தின் பின்னால் கமராவைத் திருப்பிக்கொண்டே இருப்பவருக்கு முதுகுகள்தான் கிடைக்கும். பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே காத்திருப்பவருக்கு முகம் கிடைக்கும். கோல் போடுபவள் எறிவதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்பாள், தடுப்பவள் 0.9 மீற்றருக்கு அப்பால் நின்று கையை நீட்டுவாள். இருவருக்கும் இடையிலுள்ள அந்த வெளியில் வானம் தெரியும். அதை 1/250 செக்கனிலேயே எடுத்துவிடலாம். பாய்ந்து பிடிப்பவளை எடுக்க 1/1000 வேண்டும்.

எனக்குப் பிடித்த கணம் இன்னொன்று. ஆட்டம் மத்தியிலிருந்து தொடங்கும்போது விசில் ஊதும் வரை நடுப் பகுதிக்குள் இரண்டு சென்டர்கள் மட்டுமே நிற்கலாம். விசில் ஊதியதும் இரு பக்கக் கோடுகளிலிருந்தும் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உள்ளே பாய்வார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இது நடக்கும். ஒரு முறை தவறினாலும் மறுமுறை எடுக்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நிற்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடுவர்கள் பக்கக் கோட்டோரமாகவும் கோல் கோட்டோரமாகவும் ஓடித்தான் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பாதையில் கமராவுடன் உட்காரக் கூடாது. கோட்டிலிருந்து மூன்று மீற்றராவது விலகி, கோல் கோட்டின் மூலைப் பக்கமாக ஒரு முழங்காலில் இருந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் உயரமாகத் தெரிவார்கள். பின்னணியில் நிறுத்தி வைத்த வான்களும் பிளாஸ்டிக் கதிரைகளும் வராமல் மரமும் வானமும் வரும். அதற்காகத் தரையில் படுத்து மேல்நோக்கி எடுக்க வேண்டாம். பெண் பிள்ளைகளைக் கண்ணியமில்லாமல் காட்டும் கோணம் அது. கமரா விளையாடுபவளின் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

வெயிலும் வெள்ளையும்

எமது பாடசாலைகளில் படம் கெடுவதற்கு முதற்காரணம் வெள்ளை. வெள்ளை உடுப்பு, வெள்ளை ஸ்காப், பின்னால் வெள்ளைச் சுவர். கமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளை அதிகமாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். உடுப்பு சாம்பலாகும், முகம் கறுத்துவிடும். "எங்கட புள்ள இவ்வளவு கறுப்பில்லயே டீச்சர்" என்று உம்மாமார் குறைப்படுவது இதனால்தான். ஒளித் திருத்தத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் பெரும்பாலும் போதும்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 200, துளை எஃப் 5.6 என்று வைத்தால் 1/1600 செக்கன் வரை வேகம் கிடைக்கும். விலை கூடிய வில்லை இல்லாமலே பாயும் பிள்ளையை உறைய வைக்கலாம். ஆனால் நாம் வாழ்வது பூமத்திய கோட்டுக்கு அருகில். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஸ்காப்பின் விளிம்பு நெற்றியில் நிழல் விழுத்திக் கண்களை மூடிவிடும். அந்த நேரத்தில் அணிப் படம் எடுக்க வேண்டாம் என்று அதிபரிடமே சொல்லிவிடுங்கள். பிரதம அதிதி அப்போதுதான் வருவார் என்றால், மேற்குப் பக்கக் கட்டடத்தின் நிழலுக்கு எல்லோரையும் கூட்டிப் போங்கள். மாமர நிழல் உதவாது. இலைகளின் இடையால் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக வரும்.

உள்ளக அரங்குகளில் வேறு பிரச்சினை. எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் பல குழல்விளக்குகள் ஒரு செக்கனுக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வந்தால் கமரா பழுது என்று பயப்பட வேண்டாம். பிளாஷ் மட்டும் போடவே கூடாது. கோல் போடுபவளின் கண்ணில் அது பட்டால் எதிரணிக்கு நீங்கள் எட்டாவது ஆளாகிவிடுவீர்கள்.

அணிப் படம்

பன்னிரண்டு பிள்ளைகள், பயிற்றுவிப்பாளர், உடற்கல்வி ஆசிரியை, அதிபர் என்று பதினைந்து பேர். எட்டுப் பேர் நிற்க, ஏழு பேர் கதிரையில் இருக்கலாம். துளையை எஃப் 8 இல் வைத்தால் இரண்டு வரிசையும் தெளிவாக வரும். ஓரத்தில் நிற்பவர்கள் சற்று உள்நோக்கித் திரும்பட்டும். கேடயம் தலைவியின் மடியில் இருக்கட்டும். அதை உயர்த்திப் பிடித்தால் பின்வரிசையில் ஒருத்தியின் முகம் போய்விடும்.

எத்தனை முறை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் எவரும் கண்மூடாத ஒரு குழுப் படம் கிடைக்க எத்தனை படங்கள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதற்கு 2006இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. இருபது பேருக்குக் குறைந்த குழுவானால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் தொகையை மூன்றால் வகுங்கள்; மங்கலான வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள். பதினைந்து பேருக்கு ஐந்து படம். நான் ஏழு எடுப்பேன். எமது அதிபர் ஒருவர் பிளாஷைப் போலவே சிமிட்டுவார்.

கண்மூடுவதைவிடப் பெரிய தொல்லை, பார்வை சிதறுவது. நான் கமராவைத் தூக்கியதும் எனக்குப் பின்னால் பத்துப் பெற்றோர் கைப்பேசியைத் தூக்குவார்கள். "மகள், இங்க பாருங்க!" "வாப்பாட பக்கம் திரும்புங்க!" படத்தில் பதினைந்து பேரும் ஏழு திசையில் பார்ப்பார்கள். பல வருடங்கள் இதைக் கோபத்தோடு சமாளித்தேன். பிறகு வழி கண்டேன். வரிசை அமைக்க முன்னரே பெற்றோரிடம் போய், "முதல் இரண்டு நிமிடம் எனக்குத் தாருங்கள், பிறகு நான் விலகி நிற்கிறேன், நீங்கள் ஆறுதலாக எடுங்கள், பிள்ளைகள் கலைய மாட்டார்கள்" என்று சொல்லிவிடுவேன். தமக்கும் சந்தர்ப்பம் வரும் என்று தெரிந்தால் எவரும் முந்துவதில்லை. இதை நான் முதல் வருடமே கற்றிருக்கலாம்.

முன்வரிசையில் யார் இருப்பது என்பது இன்னொரு சங்கடம். ஒருமுறை ஓர் உம்மா நேரே வந்து, "என்ட மகள் ரெண்டு வருஷமா பின்னுக்குத்தான் நிக்கிறா, இந்த முறையாவது முன்னுக்கு வைங்களேன்" என்றார். மகள் அணியிலேயே உயரமானவள். நான் உயரத்தைப் பற்றி விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். உடற்கல்வி ஆசிரியை என்னை நிறுத்திவிட்டு ஒரு கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தால் உயரம் எங்கே போகிறது? அன்றிலிருந்து தலைவியும் உபதலைவியும் நடுவில், மற்றவர்கள் சென்ற வருடம் நின்றிருந்தால் இவ்வருடம் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். மாற்று வீராங்கனைகளை ஓரத்துக்குத் தள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

கதிரையில் இருப்பவர்கள்

பெற்றோரின் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான்: "எங்கட புள்ளட ஒரு படமும் இல்லையே." முன்பு நான் இதை வீண் குறை என்று நினைத்தேன். ஒரு போட்டியில் நான் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களையும் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கோல் போடும் இருவரின் படங்கள். டபிள்யூ.டீ. நிலையில் ஆடிய பிள்ளைக்கு இரண்டே இரண்டு. ஒன்றில் அவளுடைய முழங்கை மட்டும். நான் பந்தையும் கோலையும்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய உம்மா அவளை மட்டும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது சரி.

இப்போது கழகத்துப் பிள்ளை ஒருத்தி பெயர்ப் பட்டியலோடு என் பக்கத்தில் இருப்பாள். நல்ல படம் ஒன்று விழுந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. மூன்றாம் காற்பகுதி தொடங்கும்போது கோடு குறைந்தவர்களை மட்டும் தேடி எடுப்போம். களமிறங்காத மாற்று வீராங்கனைகளை வாங்கில் இருக்கும்போது எடுப்போம். கைதட்டும்போதும், தண்ணீர்ப் போத்தல் நீட்டும்போதும், தோழியின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடும்போதும் எடுப்போம். அவற்றில் சில கோல் படங்களைவிட நன்றாக அமைந்துவிடுகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று படம் என்று கழகத்தில் ஒரு தீர்மானம் உண்டு. அது வந்த பின் அந்த முறைப்பாடு அநேகமாக நின்றுவிட்டது.

கோபக்கார வாப்பா ஒருவரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே மகளை ஏசுவார். படம் எடுக்க வந்தவர் என்பதால் எவரும் விலக்கவில்லை. அவரிடம் போய்ச் சண்டை பிடிக்க எனக்குத் துணிவில்லை. "நாநா, எனக்கு ஓர் உதவி, மறுபக்கத்திலிருந்து மகள் ஓடி வரும்போது எடுத்துத் தருவீர்களா? எனக்கு இங்கிருந்து அது கிடைக்காது" என்று கேட்டேன். போனார். நன்றாகவும் எடுத்தார். கமராவைக் கண்ணில் வைத்துக் கவனமாகப் பார்ப்பவருக்கு ஏச நேரம் இருக்காது. எல்லோரிடமும் இது பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. அவரிடம் பலித்தது.

தோற்ற அணியின் அழுகையை எடுக்கலாமா என்று கழகத்தில் ஒவ்வொரு வருடமும் விவாதம் நடக்கும். உலகின் பெயர்பெற்ற விளையாட்டுப் படங்களில் அழுகை நிறைய உண்டு என்பது உண்மை. அவை பெரியவர்களின் படங்கள், அது அவர்களுடைய தொழில். பதினான்கு வயதுப் பிள்ளை தோற்று அழும்போது நான் கமராவைக் கீழே இறக்கிவிடுவேன். பெற்றோரும் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டால் நல்லது.

நான் விட்ட பிழை

ஆறு வருடங்களுக்கு முன் எமது இளைய அணி வலய இறுதிப் போட்டியில் வென்றது. ஜீ.கே. நிலையில் ஆடியவள் தரம் 10 மாணவி. கடைசி நிமிடத்தில் எதிரணி எறிந்த பந்தை அவள் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டாள். அந்தக் கணம் என் கமராவில் விழுந்தது. இரண்டு கால்களும் தரையில் இல்லை; பந்து விரலில் இருக்கிறது. நான் எடுத்தவற்றிலேயே சிறந்த படம் அது. அவளுடைய ஸ்காப் பின்னால் சரிந்து முன்முடி வெளியே தெரிந்ததை நான் கவனித்தேன். கவனித்தும், படத்தின் அழகில் மயங்கி, அன்றிரவே அறுபது படங்களோடு அதையும் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு அவளுடைய உம்மா கதைத்தார். "டீச்சர், அந்தப் படத்த எடுத்துருங்க." எடுத்தேன். ஆனால் குழுவில் அழித்தால், அதற்கு முன் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டவை அழியா. கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய வாப்பாவுக்கு, அவருடன் தங்கியிருந்த ஊர்க்காரர் ஒருவர் தன் கைப்பேசியில் அதைக் காட்டியிருக்கிறார்.

பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. நானும் உடற்கல்வி ஆசிரியையும் வீட்டுக்குப் போனோம். உம்மா தேநீர் தந்தார். கோபமாகப் பேசவில்லை. வாப்பாவைத் தொலைபேசியில் எடுத்துத் தந்தார். அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "புள்ள விளையாடுறதுக்கு நான் விரோதமில்ல டீச்சர். அவள் வெண்ட சந்தோஷம் எனக்கும் இருக்கு. ஆனா என்ட புள்ளட படத்த எனக்கு முந்தி வேற ஆக்கள் பாத்துட்டாங்க. எங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே." அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எவருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாப் பிரதிகளையும் அழிப்பதாக வாக்களித்து, மறுநாளே நினைவட்டையிலிருந்தும் கணினியிலிருந்தும் அதை அழித்தேன். அவள் திரும்பி வந்தாள். ஆனால் அதற்கிடையில் மாகாணப் போட்டி முடிந்திருந்தது. அவள் ஆடியிருந்தால் நாங்கள் வென்றிருப்போமா என்பது வேறு விடயம். அவளுக்கு அந்தப் போட்டி கிடைக்காமல் போனது என்னால்தான்.

அதன் பிறகுதான் வாசித்தேன். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. 12ஆம் உறுப்புரை தன்னைப் பற்றிய விடயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்பதைப் பற்றியது. பின்னர் வந்த 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. இவையெல்லாம் இருப்பது தெரியாமல் மூன்று வருடங்கள் படம் எடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தேன்.

அனுமதிப் படிவம்

இப்போது அணி தெரிவானதும் ஒரு படிவம் வீட்டுக்குப் போகும். அதில் நான்கு பெட்டிகள். பாடசாலையின் பதிவுக்காகப் படம் எடுக்கலாமா, கல்லூரி மலரிலும் அறிவித்தல் பலகையிலும் போடலாமா, அணியின் பெற்றோருக்கிடையே பகிரலாமா, சமூக ஊடகங்களில் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையொப்பம் வாங்கினால் ஒன்றுக்கு மறுப்பவர் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார். முதல் மூன்றுக்கும் ஆம் என்றும் நான்காவதற்கு இல்லை என்றும் எழுதுபவர்களே அதிகம். கீழே பெற்றோரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் கையொப்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டில் ஆம் என்றும் பிள்ளை இல்லை என்றும் சொன்னால் பிள்ளையின் சொல்லையே எடுப்போம். எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

அனுமதியில்லாத பிள்ளைகளை அடையாளம் காண ஆரம்பத்தில் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டச் சொன்னேன். படுமோசமான யோசனை. ஒரே நாளில் எல்லோரும் அந்த நூலைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். இப்போது பட்டியல் எங்கள் சட்டைப் பைக்குள் இருக்கிறது, எவருக்கும் தெரியாது.

அணிப் படம் எடுக்கும்போது அந்தப் பிள்ளைகளை "நீங்க கொஞ்சம் விலகி நில்லுங்க மகள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட ஓடியவள், கூட வென்றவள். அதனால் இரண்டு படம் எடுக்கிறோம். ஒன்று வழமையானது, பதிவுக்கு. மற்றது எல்லோரும் தோளில் கைபோட்டுக் கமராவுக்கு முதுகு காட்டி நிற்பது. முதுகில் ஜீ.எஸ். முதல் ஜீ.கே. வரை எழுத்துகள், எதிரே வெறுமையான ஆடுகளம். வெளியில் போகும் படம் அதுதான். எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இப்போது பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் பிரதி கேட்கிறார்கள்.

மற்றவை சிறு விடயங்கள். படங்கள் எவரிடமும் போகும் முன் நானும் தலைவியும் அமர்ந்து ஒருமுறை பார்த்து, விழுந்தவை, உடை குலைந்தவை, வாய் கோணியவை எல்லாவற்றையும் நீக்கிவிடுவோம். வெளியில் போகும் படத்தோடு முழுப்பெயரும் வகுப்பும் சேர்த்து எழுதுவதில்லை. கைப்பேசியில் இடக் குறிப்பை நிறுத்தி வைக்கச் சொல்கிறோம். எதிரணிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை அவர்களுடைய ஆசிரியையிடம் கேட்காமல் பகிர்வதில்லை. பெற்றோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும், அங்கும் ஒரு வாப்பா இருப்பார். அச்சுப் பிரதிக்கு ஸ்டூடியோக் கூலி மட்டும் வாங்குகிறோம், வாங்க இயலாத பிள்ளைக்குக் கழகம் கொடுக்கும்.

சென்ற வருடம் பரிசளிப்பு விழாவில் அந்த ஜீ.கே. பிள்ளையின் உம்மாவைக் கண்டேன். வாப்பா ஊருக்கே திரும்பி வந்துவிட்டாராம். மகளுக்கு இந்த வருடம் நிக்காஹ் பேசியிருக்கிறார்களாம். சலாம் சொல்லிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பாயுற படம் இருக்கா டீச்சர்? வாப்பா கேக்கிறார். வீட்டுல மட்டும் வெச்சிக்க."

இல்லை. வாக்களித்தபடி அழித்துவிட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரி செஞ்சீங்க, அதுக்கு என்ன" என்றார்.

அதனால் இவ்வருடப் படிவத்தில் ஐந்தாவதாக ஒரு பெட்டி சேர்த்திருக்கிறோம். படத்தை நீக்கச் சொன்னால், நீக்குவதற்கு முன் ஒரேயொரு பிரதியை அச்சிட்டு, உறையில் ஒட்டி, வீட்டாரின் கையில் தர வேண்டுமா என்று அதில் கேட்கிறோம். படிவங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் இருக்கின்றன. அணிப் படம் எடுக்கும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன் திருப்பித் தாருங்கள். ஐந்தாவது பெட்டியை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.